படத்தில் சொன்ன வார்த்தை

விளக்கை அணைத்ததும் ஷாகிர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டிலும் டாக்டரின் அறையிலும் தவிர வேறு எங்கும் தொப்பியைக் கழற்றாத மனிதர் என் கணவர். நான் முழங்கையால் இடித்து, "சினிமாதான் ஷாகிர், ஜனாஸா இல்ல" என்றேன். அவர் திரும்பக்கூட இல்லை.

அதற்கு முன்னால் மேயர் பேசி முடித்திருந்தார். இரண்டு நாட்டு நட்பு, இரண்டு கரை நட்பு, ஒரே கடலின் நட்பு என்று அவர் அடுக்கிய வேகத்துக்கு எங்கள் ஊர் அய்வலிக் சந்தையில் மீன் ஏலமே முடிந்திருக்கும். மேடையில் எங்கள் கொடியும் கிரேக்கக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. திரைப்பட விழாவுக்கென்று பழைய எண்ணெய் ஆலையை வெள்ளையடித்து நாற்காலி போட்டிருந்தார்கள். எவ்வளவு அடித்தாலும் அந்தக் கல் சுவரிலிருந்து ஆலிவ் பிண்ணாக்கு வாசனை போகாது. விழாவின் கடைசிப் படம் எங்களுடைய படம் என்பதால் முதல் வரிசையில் எங்களை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எங்களுடைய படம் என்றால், ஷாகிரும் எதிர்க்கரையில் இருக்கிற கிரேக்கத் தீவு மிதில்லியின் மீனவர் ஸ்த்ராதிஸும் நாற்பது வருஷமாக நண்பர்களாக இருந்த கதை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஸ்த்ராதிஸின் மகள் மிர்சினி கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். காலைக் கப்பலில் வந்தவள். நான் கட்டிப்பிடித்து அழுதேன். ஷாகிர் கையைக் கொடுத்துவிட்டு அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அப்பா பிப்ரவரியில் போய்விட்டார். எங்களவர் அடக்கத்துக்கும் போகவில்லை.

இரண்டு குடும்பங்களுக்கும் பூர்வீகம் ஒன்றுக்கொன்று மாறிப் போனது. அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் இந்தக் கரைக் கிறிஸ்தவர்களையும் அந்தக் கரை முஸ்லிம்களையும் மாற்றிக்கொண்டபோது ஸ்த்ராதிஸின் அம்மா அய்வலிக்கிலிருந்து அங்கே போனாள்; ஷாகிரின் வீட்டார் மிதில்லியிலிருந்து இங்கே வந்தார்கள். அதனால் ஸ்த்ராதிஸ் எங்கள் பாஷையில் எங்களைவிட நன்றாகத் திட்டுவான். எங்கள் வாசலுக்கு வந்து நின்று தலையைத் தூக்கி வீட்டைப் பார்ப்பான். "ஏண்டா ஷாகிர், எங்கம்மா வீட்டுல ஓசியில உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்பான். "எங்க தோப்பு ஆலிவைத் தின்னுதான உனக்கு இந்தத் தொப்பை, முதல்ல அதை இறக்கி வைடா" என்பார் இவர். படத்தில் இதெல்லாம் இருந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையில் ஸ்த்ராதிஸ் உயிரோடு இருந்தான், எங்கள் முற்றத்து மேசையில் மீனைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

பிறகு இல்ஹானின் போட்டோ வந்தது. இல்ஹான் ஷாகிரின் தம்பி. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பையன். நாலு ஆடு மேய்கிற ஒரு பாறைக்காக இரண்டு அரசாங்கமும் போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி முறைத்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்கால வாரத்தில் அவன் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனான். யாரும் போகாத நாளில் போனால் மீனுக்கு நல்ல விலை என்று கணக்குப் போட்டான். தென்மேற்குக் காற்று கிளம்பியது. எஞ்சின் நின்றது. மிதில்லிக் கரையில் ஒதுங்கிய உடலை எடுத்தவன் ஸ்த்ராதிஸ். தன் கட்டில் போர்வையில் சுற்றி, அங்கிருந்த அதிகாரிகளோடு சண்டை போட்டு, எங்களிடம் அனுப்பி வைத்தான். என் மாமியார் சாகும்வரை தொழுகைக்குப் பிறகு அந்தக் கிறிஸ்தவன் பெயரைச் சொல்லி துஆ கேட்டாள். அவன் இந்தப் பக்கம் வந்தால் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவன் தட்டுதான் நிறையும்.

போன செப்டம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து ஜெய்தா என்ற பெண் கேமராவோடு வந்து எங்கள் முற்றத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். கெட்டிக்காரி. வாயில் தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து தேநீர் வந்ததும், "நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள். வெந்த புண்ணைக் கிளறுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

ஸ்த்ராதிஸ் கொஞ்ச நேரம் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான். இப்போது திரையில் அவன் முகம் அவ்வளவு பெரிதாக வந்தது.

"அன்னிக்கு வயர்லெஸ்ல இல்ஹான் குரல் கேட்டுச்சு, ஷாகிர்" என்றான். "என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். ஸ்த்ராதிஸ் அண்ணே, எஞ்சின் நின்னு போச்சு, நான் உங்க பக்கம் வந்துக்கிட்டிருக்கேன்னான். படகுச் சாவி என் கையில இருந்துச்சு. போனா ரெண்டு பக்கத்துல எவனாவது ஒருத்தன் சுட்டுருவான்னு என் பொண்டாட்டி கதவை மறிச்சா. அவ மறிச்சதால போகலன்னு சொல்லமாட்டேன். நான்தான் போகல. வயர்லெஸ்ஸை அணைச்சிட்டேன்."

அப்புறம் அவன் கேட்டான். "உன் பாத்தியதையை எனக்கு ஹலாலாக்கு ஷாகிர்" என்றான். என் மேல் உனக்குள்ள கணக்கை மன்னித்துவிடு என்று அர்த்தம்; எங்கள் ஊரில் இதைச் சும்மா கேட்கமாட்டார்கள். தூரப் பயணம் கிளம்புகிறவன் கேட்பான், படுக்கையில் விழுந்தவன் கேட்பான். அடக்கம் செய்வதற்கு முன் செத்தவனுக்காக இமாம் கேட்பார், கூட்டமே "ஹலால் ஆகட்டும்" என்று சொல்லும். சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, மறுமையில் அவன் சட்டையைப் பிடிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் அந்தப் பாரத்தோடுதான் போகவேண்டும். ஸ்த்ராதிஸ் கிறிஸ்தவன்தான். ஆனாலும் எங்களிடம் வேறு எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு என் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்தார். வாசலைத் தாண்டிப் போனார். சற்று நேரத்தில் துறையில் எங்கள் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. கடைசிக் கப்பல் நேரம் வரைக்கும் ஸ்த்ராதிஸ் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு என் கையைப் பிடித்து, "சொல்லாமலே இருந்திருக்கணுமோ நெஃபிஸே?" என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்க வீட்டில் ஸ்த்ராதிஸ் பெயரை எடுக்க முடியவில்லை. "கேமராவை வச்சிக்கிட்டுக் கேக்குறான். அல்லாவுக்கும் அவனுக்கும் எனக்கும் நடுவுல அந்த மைக்கு எதுக்கு?" என்பதுதான் அவர் பேசிய ஒரே பேச்சு. நான் விடுவேனா? "மைக் இல்லாமக் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றேன். கல்லுளிமங்கன். ஆனால் டிசம்பரில் ஒரு காலை எழுந்து பார்த்தால், சமையலறையில் நின்று பெரிய சூரை மீனைத் துண்டு போட்டு உப்பில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் ஸ்த்ராதிஸுக்குக் கொண்டுபோகிற ஜாடி. எனக்கு உயிர் வந்தது. போய் நின்றால் போதும், சொல்லிவிடுவார் என்று தெரிந்துவிட்டது. விசாவும் எடுத்தார். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டால், "காத்து அடங்கட்டும்." காற்று அடங்கினால், "குளிர்காலத்துல கப்பல் வாரத்துக்கு ஒண்ணுதான்." ஒன்றரை மணி நேரக் கடல். வெயில் நாளில் எங்கள் மாடியில் நின்றால் அந்தக் கரையில் வெள்ளை வீடுகள் தெரியும். இந்த மனிதருக்கு அதைத் தாண்ட முடியவில்லை. பிப்ரவரியில் மிர்சினி போன் செய்தாள்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி தள்ளுவது வரும், வாசல் வரும், இவர் முதுகு வரும் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை. "உன் பாத்தியதையை எனக்கு ஹலாலாக்கு ஷாகிர்" என்று ஸ்த்ராதிஸ் கேட்டு வாய் மூடுவதற்குள் ஷாகிரின் முகம் வந்தது. அதே தொப்பி, அதே மேசை. முகம் நிறையச் சிரிப்பு. "ஹலால் ஆகட்டும்டா. அட விடு, இதுக்குப் போயி" என்று கையை வீசினார். சாஸ் என்கிற எங்கள் ஊர்த் தந்தி வாத்தியம் மெல்ல ஆரம்பித்தது. இரண்டு கரையும், நடுவில் கடலும். அவ்வளவுதான், படம் முடிந்தது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. நான் இல்லாதபோது சொன்னாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் பின்னால் இருந்த சுவர் ஞாபகம் வந்தது. சுவரில் காலை வெயில் இருந்தது. மத்தியானம் எங்கள் முற்றத்தில் அந்தச் சுவர் நிழலில் இருக்கும். அது ஸ்த்ராதிஸ் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னால் எடுத்தது. அன்று காலை கேமராக்காரன் ஒயரை இழுத்து, இடை சிறுத்த என் கண்ணாடித் தேநீர்க் கோப்பை ஒன்றைக் கீழே தள்ளி உடைத்துவிட்டு, மன்னிச்சுக்கங்க மன்னிச்சுக்கங்க என்று உயிரை விட்டான். அவனிடம் சொன்னது அது. சந்தையில் ஆறு கோப்பையாகக் கட்டி விற்கிற கண்ணாடிக்குச் சொன்ன வார்த்தை. அதை எடுத்து இல்ஹானின் உயிருக்கு ஒட்டிவிட்டார்கள்.

ஆலை முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பின்வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள் கையை நீட்டி ஷாகிரின் தோளைத் தட்டினார்கள். "மனுஷன்னா இவர்தான்" என்றாள் ஒருத்தி. மேயர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். மேடையிலிருந்து ஜெய்தா எங்கள் பெயரைக் கூப்பிட்டாள். ஷாகிர் எழுந்தார், தொப்பியைப் போட்டார், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஆலை முற்றத்துக்குப் போய்விட்டார். கூட்டம் அதையும் தன்னடக்கம் என்று நினைத்துக் கை தட்டியது.

முற்றத்தில் பழைய அரைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஜெய்தா ஓடிவந்தாள்.

"மாமா, கோவமா?"

"மகளே, அந்தக் கோப்பையை உடைச்ச தம்பி வந்திருக்கானா?" என்று கேட்டார் ஷாகிர். சத்தமே இல்லாத குரல்.

அவள் முகம் சிவந்தது. "மாமா, நீங்க எழுந்து போறதோட படத்தை முடிச்சா பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாடும் சண்டைதான்னு தெரியும். நீங்க மனசுல மன்னிச்சிட்டீங்க. எனக்குத் தெரியும். நெஃபிஸே அத்தையே போன்ல சொன்னாங்க, ஜாடி போட்டுட்டாருன்னு."

"அடிப்பாவி!" என்றேன். "ஜாடி போட்டதுக்கும் வாயில சொன்னதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? சமைச்சது அவரு, நீ யாருடி பரிமாற? என் கொழுந்தன் உயிரும் என் தேநீர்க் கோப்பையும் உனக்கு ஒண்ணாப் போச்சா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஸ்த்ராதிஸ் மாமா பாத்தாரு, அத்தை" என்றாள். "ஆஸ்பத்திரியில இருக்கும்போதே அனுப்பி வச்சேன். பாத்துட்டுத்தான் போனாரு."

ஷாகிர் தலையைத் தூக்கினார். "பாத்தானா?"

"பாத்தாரு மாமா. மிர்சினிதான் போட்டுக் காமிச்சாங்க."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை மாதம் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து யாரோ ஜெய்தாவைக் கூப்பிட்டார்கள், அவள் போனாள். நான் அவர் காதருகே குனிந்தேன். "இதோ பாரு. பொய்யோ நெசமோ, அவன் கேட்டுட்டுப் போயிட்டான். நிம்மதியாப் போயிருக்கான். அந்தப் பொண்ணு மிர்சினிகிட்ட வாயத் திறந்து எதையும் கொட்டிடாதே. புண்ணியமாப் போகும்." அவர் சரி என்று தலையாட்டினார். வாழ்க்கையில் ஒருமுறையாவது நான் சொன்னதைக் கேட்டார் என்று நினைத்தேன். திருட்டுச் சமாதானம்தான். இருந்தாலும் சமாதானம். அதுவாவது கிடைத்ததே என்று எனக்கு இருந்தது.

மிர்சினி வெளியே வந்தாள். எங்கள் ஊர்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டவள். அதனால் சாதாரணமாகப் பேசினாலே யாரோ விஷம் குடித்துவிட்ட மாதிரி இருக்கும். அவள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது மெதுவாக, சொல் தேடித் தேடிப் பேசினாள். ஷாகிருக்கு எதிரில் கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஷாகிர் முந்திக்கொண்டார். "அப்பா பாத்தானாமே மகளே. நல்லது. நல்லதாப் போச்சு."

"பாத்தார் மாமா." அவள் அவர் கையைப் பிடித்தாள். "பாத்துட்டு, இன்னொரு தடவை போடுன்னார். போட்டேன். அப்புறம் அணைச்சிடுன்னார். இது எனக்குச் சொன்னது இல்லன்னார்."

ஷாகிர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்பான்னு கேட்டேன். இல்ஹான் பேச்சு எடுத்தா ஷாகிர் சிரிக்கமாட்டான், நாப்பது வருஷத்துல நான் பாத்ததில்ல, இது வேற எதுக்கோ சொன்னதுன்னார். கோவப்படல மாமா. உங்க பேர்ல கோவமே இல்ல. கடைசி வாரம் வரைக்கும், கப்பல் வர்ற நாளா இருந்தா, கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பச் சொல்வார்."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். காற்று அடங்கட்டும், காற்று அடங்கட்டும் என்று இங்கே இவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே அவன் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, தலையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"அவர் என்னைக் கேக்கச் சொல்லல" என்றாள் மிர்சினி. "கேக்காதே, அவனைத் தொந்தரவு பண்ணாதேன்னுதான் சொன்னார். நானாத்தான் கேக்குறேன். எங்கப்பாவுக்கு உங்க பாத்தியதையை ஹலாலாக்குவீங்களா மாமா?"

கேட்டுவிட்டாள். கேமரா இல்லை, மைக் இல்லை. இவர் எப்படிக் கேட்கவேண்டும் என்று விரும்பினாரோ அப்படி. சொல்லு, சொல்லித் தொலை மனுஷா, என்று உள்ளே கத்தினேன்.

அவர் அவள் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இருக்கு மகளே. உள்ள இருக்கு. டிசம்பர்லேருந்து இருக்கு. அவன்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் வச்சிருந்தேன்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "இப்ப எடுத்தா அந்தச் சிரிச்ச குரல்ல வந்துருமோன்னு பயமா இருக்கு. அத்தனை பேரு கை தட்டினாங்களே. அதே வார்த்தைதானே இது. உங்கப்பனுக்குன்னு தனியா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லியேம்மா."

மிர்சினி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கையை விடவில்லை. "நான் இருக்கேன் மாமா. கப்பல் சாயங்காலம்தான்" என்றாள்.

அப்போதுதான் கதவு இரண்டும் திறந்து மொத்தக் கூட்டமும் முற்றத்துக்கு வந்தது. மேயர், விருந்தினர்கள், கொடி பிடித்த பெண்கள், உள்ளூர்ப் பத்திரிகைப் போட்டோக்காரர். "இங்கதான் இருக்காங்களா ரெண்டு பேரும்! நகராதீங்க, அருமை, அப்படியே இருங்க!" என்றார் போட்டோக்காரர். யார் யாரோ வந்து வரிசை கட்டினார்கள். ஷாகிரையும் மிர்சினியையும் எழுப்பி நடுவில் நிறுத்தினார்கள். "அத்தை, நீங்க கொஞ்சம் இப்படி" என்று என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். நட்புக்கு நான் தேவையில்லை போல. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஷாகிர் மாமா, படத்துல சிரிச்ச மாதிரி ஒரு சிரிப்பு!" என்று கத்தினார் போட்டோக்காரர். கூட்டம் சிரித்தது. அங்கிருந்து எனக்கு ஷாகிரின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அது மிர்சினி பக்கம் சாய்ந்தது. "ஆடாதீங்க மாமா, ஆடாதீங்க!" என்றார் போட்டோக்காரர்.

கப்பலடியில் மிர்சினி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் கேட்டேன். "சொன்னியா?" நடந்துகொண்டே இருந்தார். "சொன்னியா இல்லியா, எனக்காவது சொல்லேன்." துறையில் வலை காயப்போட்டிருந்தவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்குப் படம் வந்திருந்தது. கீழே நட்பைப் பற்றி ஏதோ எழுதியிருந்தார்கள். மேயர் பல் தெரியச் சிரிக்கிறார். இரண்டு கொடியும் தெளிவாகத் தெரிகின்றன. பத்துப் பதினைந்து பேரும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஷாகிர் மட்டும் சிரிக்கவில்லை. தலை அசைந்ததால் முகம் கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. மிர்சினி கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.